‘ஒன்றுமில்லை’ என்று சொல்லாதிருப்போம்

மனச்சோர்வின் அடையாளங்களும் காரணங்களும்

(அணுபுரத்தில் நடந்த மருத்துவமனை நண்பர்கள் கூடுகையில் நமது மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை. அன்று வர இயலாத அன்பர்களும் வாசிக்கும்படி இங்கே அச்சிடப்படுகிறது.)



வழக்கமாக இந்தக் கூடுகையில் டாக்டர்கள் பேசுவார்கள். இந்த முறை போதகர் பேசட்டும் என்று சொல்லிவிட்டார்கள். நான் டாக்டர் அல்ல. இறையியல் கல்லூரியில் படித்தவன். முப்பது வருடத்துக்கு மேலாக நோயாளிகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவன். ஆகவே நான் இன்று சொல்லப்போகும் மருத்துவச் செய்திகள் டாக்டர்களிடம் கேட்டுக் கற்றவை. தவறுகள் மட்டும் என் சொந்தம். அந்தத் தவறுகளில் ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்.

1990களின் கடைசியில் நான் வேறோர் ஊரில் பணியாற்றினேன். ஐம்பது வயதை நெருங்கிய பள்ளி ஆசிரியர் ஒருவர் வெளிநோயாளர் பிரிவுக்கு வந்தார். நெஞ்சில் ஒரு பாரம். வயிற்றில் எரிச்சல். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கம் கிடையாது. இரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே, ஈ.சி.ஜி. எல்லாம் பார்த்தார்கள். “உங்களுக்கு ஒன்றுமில்லை, தைரியமாகப் போங்கள்” என்று அனுப்பினார்கள். ஒரு மாதத்தில் மறுபடியும் வந்தார். மறுபடியும் ஒன்றுமில்லை. மூன்றாம் முறை வந்தபோது டாக்டரைப் பார்த்துவிட்டு என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். “ஐயா, என்னால் ஜெபம்பண்ண முடியவில்லை. வேதத்தைத் திறந்தால் வெறும் எழுத்தாகத் தெரிகிறது, ஒன்றும் உள்ளே போகவில்லை” என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மறைவான பாவம் ஏதாவது உண்டா என்று தன்னைத்தானே சோதித்துப் பார்க்கச் சொன்னேன். மூன்று வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்கச் சொன்னேன். வாசிப்பதற்குச் சில சங்கீதங்களைக் குறித்துக் கொடுத்தேன். ஜெபித்து, தோளில் தட்டி அனுப்பினேன். ஊழியம் நன்றாகச் செய்தேன் என்ற திருப்தியோடு அன்று மத்தியானம் சாப்பிட்டேன்.

அவர் அதன்பின் வரவில்லை. ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து ஒருநாள் வந்தார். முகம் தெளிந்திருந்தது. அவருடைய மைத்துனர் வற்புறுத்தி ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். மாத்திரையும் பேச்சுமாகச் சில மாதங்களில் குணமாகி, பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிட்டார். என்மேல் அவருக்குக் கோபம் இல்லை. ஆனால் ஒன்று சொன்னார். “ஐயா, உங்களிடம் வரும்போது நோயாளியாக வந்தேன். போகும்போது பாவியாகப் போனேன். நீங்கள் சொன்ன உபவாசம்கூட எனக்குக் கஷ்டமாக இல்லை. எனக்குத்தான் அப்போது பசியே கிடையாதே!”

பசியற்றுக் கிடந்த மனுஷனுக்கு உபவாசத்தைக் கட்டளையிட்டவன் நான். அந்த நாட்களில் வீட்டுக் கிணற்றுப் பக்கம் போகவே பயந்ததாகவும் அவர் சொன்னார். நான் அதைக் கேட்கவே இல்லை. கேட்கவேண்டும் என்று எனக்குத் தெரியவும் இல்லை. அன்றுமுதல் இந்த வியாதியைப்பற்றிக் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன்.

நம் மாவட்டத்தின் பழைய பாடம்

இங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போகிறவர்களுக்குத் திருமணி என்ற பெயர் தெரிந்திருக்கும். அங்கே லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லம் இருந்தது. டாக்டர் ராபர்ட் காக்ரேன் என்ற மிஷனரி மருத்துவர் அங்கே பணியாற்றினார். தொழுநோய்க்குச் சல்ஃபோன் மருந்துகள் நம் நாட்டில் தொடக்கத்தில் பயன்பட்ட இடங்களில் அதுவும் ஒன்று. 1955ல் மத்திய அரசு அதை ஏற்றுக்கொண்டு, தொழுநோய்க்கான போதனை, ஆராய்ச்சி நிலையமாக்கியது.

அந்தக் காலத்தில் தொழுநோய் என்றால் என்ன சொன்னார்கள்? முன்வினை என்றார்கள், சாபம் என்றார்கள். நம் சபைகளிலும் பாவத்தின் அடையாளம் என்றார்கள். நோர்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873லேயே அதற்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனாலும் கிருமியைவிட வெட்கம் நெடுங்காலம் வாழ்ந்தது. மகளுக்குக் கல்யாணம் ஆகாதே என்று தகப்பன் தன் கையிலுள்ள தேமலை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்தான். மறைத்த நாட்களில் விரல்கள் போயின. மருந்து கிடைத்தது, ஜனங்கள் வெளியே வந்தார்கள், இன்று அது குணமாகும் ஒரு வியாதி. அப்படியிருந்தும், தொழுநோயை விவாகரத்துக்கு ஒரு காரணமாக வைத்திருந்த சட்டப்பிரிவை நீக்குவதற்கு நம் பாராளுமன்றத்துக்கு 2019ஆம் வருடம்வரை ஆயிற்று.

இதை ஏன் சொல்லுகிறேன்? தொழுநோய் அன்று இருந்த இடத்தில் இன்று மனச்சோர்வு இருக்கிறது. வியாதி இருக்கிறது, வைத்தியமும் இருக்கிறது. நடுவில் வெட்கம் நிற்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015, 2016ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, இருபது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்த வியாதி வருகிறது. வந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கும் மேலாக எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் நம்மோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்களை எண்ணிப் பாருங்கள்.

மறைப்பதன் விலை எவ்வளவு என்று 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி நாடு முழுவதும் கண்டது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பற்றியது. அதற்குள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்பி ஓட முடியாமல், 28 பேர் மாண்டார்கள். எந்தச் சமயத்தாரும் இதில் மற்றவரைக் குற்றஞ்சாட்ட முடியாது. சங்கிலி எல்லாச் சமயத்தாரிடமும் இருந்தது. சில சமயம் அது இரும்பாக இருக்காது, வார்த்தையாக இருக்கும்.

அடையாளங்கள்

முதலில் பெயரைப்பற்றி ஒரு வார்த்தை. ‘மன அழுத்தம்’ என்று இன்று எல்லாவற்றையும் சொல்லுகிறோம். பரீட்சை, வீட்டுக்கடன், அதிகாரியின் ஏச்சு இவையெல்லாம் அழுத்தம்தான். பளுவை இறக்கினால் அழுத்தம் பெரும்பாலும் இறங்கிவிடும். மனச்சோர்வு அப்படியல்ல. பளு இறங்கினபிறகும் மனம் நிமிரமாட்டேன் என்கிறது. சிலருக்குப் பளுவே இல்லாமலும் வருகிறது.

டாக்டர்கள் ஒன்பது அடையாளங்களைச் சொல்லுகிறார்கள். நம் வீட்டுப் பேச்சில் அவற்றைச் சொல்லிப்பார்க்கிறேன்.

முதலாவது, நாளின் பெரும்பொழுது மனம் வாடிக்கிடப்பது. இரண்டாவது, எதிலும் பிடிப்பில்லாமை. பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்றவர் வருவதில்லை. தினமும் வாசலில் ஆசையாய்க் கோலம் போட்ட அம்மா தண்ணீரை மட்டும் தெளித்துவிட்டு உள்ளே போகிறார். பேரப்பிள்ளையைத் தூக்கினாலும் சந்தோஷம் வருவதில்லை. இந்த இரண்டும் பிரதானமானவை.

மூன்றாவது, தூக்கம் கெடுவது. விடியுமுன் விழித்துக்கொண்டு இருட்டைப் பார்த்துக்கொண்டே கிடப்பார்கள்; சிலர் நாள் முழுவதும் தூங்குவார்கள். நான்காவது, பசி குறைவது, உடம்பு இளைப்பது. சிலருக்கு மாறாகச் சாப்பாடு கூடும். ஐந்தாவது, தீராத அசதி. குளிப்பதே ஒரு மலையேற்றம்போல் இருக்கும். ஆறாவது, பேச்சும் நடையும் மந்தப்படுவது, அல்லது ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாமல் தவிப்பது. ஏழாவது, ‘நான் யாருக்கும் உதவாதவன், எல்லாம் என் குற்றம்’ என்ற எண்ணம். எட்டாவது, மனம் ஒன்றில் நில்லாமை. அந்த ஆசிரியருக்கு வேதம் உள்ளே போகாததற்கு இதுவே காரணம். ஒன்பதாவது, ‘செத்துப்போனால் நன்றாயிருக்கும்’ என்ற நினைப்பு.

முதலிரண்டில் ஒன்றாவது இருந்து, மொத்தத்தில் ஐந்து அடையாளங்கள் இரண்டு வாரத்துக்குக் குறையாமல் நாள்தோறும் நீடித்து, வேலையையும் வீட்டையும் பாதிக்குமானால், அது வியாதியாக இருக்கக்கூடும். முடிவுசெய்ய வேண்டியவர் டாக்டர். கவனிக்கவேண்டியவர்கள் நாம்.

ஆனால் நம் ஜனங்கள் இந்தப் பட்டியலின்படி வந்து சொல்லமாட்டார்கள். ‘எனக்குத் துக்கமாயிருக்கிறது’ என்று டாக்டரிடம் சொல்ல நமக்கு வெட்கம். ஆகவே உடம்பு நமக்காகப் பேசுகிறது. “உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல இருக்குது”, “நெஞ்சு படபடங்குது”, “தலை கிறுகிறுங்குது”, “வயிறு திகுதிகுன்னு எரியுது” என்கிறார்கள். அது நடிப்பு அல்ல. அந்த வலி மெய்யான வலி. சோதனைகளில் தெரியவில்லை என்பதற்காக ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லும்போது, வலியோடு சேர்த்துப் பொய்யன் என்ற பெயரையும் கொடுத்து அனுப்புகிறோம்.

ஆளுக்கு ஆள் முகமும் மாறும். ஆண்கள் பலரிடம் இது கோபமாகவும் குடியாகவும் வெளிப்படும். வாலிபப் பிள்ளைகளிடம் எரிச்சலாகவும், கதவைச் சாத்திக்கொள்வதாகவும், மதிப்பெண் குறைவதாகவும் தெரியும். வயதானவர்களிடம் மறதிபோலத் தோன்றும். ‘அப்பாவுக்கு வயசாயிற்று’ என்று விட்டுவிடுகிறோம். பிள்ளை பெற்ற தாய் தன் குழந்தையைப் பார்த்து மகிழாமல் அழுதுகொண்டிருந்தால், ‘இவளுக்கு என்ன குறை?’ என்று கேட்கிறோம். அது பிரசவத்துக்குப்பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம்.

இந்தக் குடியிருப்பைப்பற்றியும் ஒன்று சொல்ல அனுமதியுங்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. நிலையான உத்தியோகம், நிழலுள்ள தெரு, பள்ளிக்கூடம். அதனாலேயே இங்கே மனம் சோர்கிறவர் அதை வெளியே சொல்லக் கூசுகிறார். ‘எல்லாம் இருந்தும் எனக்கு ஏன் இப்படி?’ என்ற கேள்வியே அவருக்கு இரண்டாவது வியாதியாகிவிடுகிறது. ஓய்வுபெறும் நாளில் உத்தியோகம், குவார்ட்டர்ஸ், பழகிய அக்கம்பக்கம் மூன்றையும் ஒரே சமயத்தில் விட்டுப்போகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். வழியனுப்பு விழாவில் மாலை போடுகிறோம். ஆறு மாதம் கழித்து ஒரு போன் செய்கிறோமா?

துக்கமும் மனச்சோர்வும்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. அந்த நாளைப்பற்றி இந்தக் கடற்கரையில் உள்ளவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கல்பாக்கம் குடியிருப்பிலும், அக்கம்பக்கத்து மீனவ குப்பங்களிலும் கடல் ஏறி வந்தது. அதன்பின் வந்த மாதங்களில் நான் கண்ட தாய்மார்கள் இருவரை மறப்பதில்லை. இருவருமே பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள்.

முதல் தாய் கதறினாள், சாப்பாட்டைத் தள்ளினாள், கடலைப் பார்த்துச் சாபமிட்டாள். ஆனால் மகன் செய்த குறும்பைச் சொல்லும்போது நடுவில் ஒரு சிரிப்பு எட்டிப்பார்க்கும். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தால் அவர்கள்மேல் சாய்ந்துகொள்வாள். நாளாக நாளாக, அழுகைக்கும் அழுகைக்கும் உள்ள இடைவெளி நீண்டது. அது துக்கம். அன்பு செலுத்தினவர்கள் கொடுக்கவேண்டிய விலை அது. அதற்கு மருந்து தேவையில்லை, மனுஷர் தேவை.

இரண்டாவது தாய் அழவில்லை. ஒரு வருடம் கழிந்தும் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். வந்தவர்களைப் பார்க்க விரும்பவில்லை. “நான் கையை விட்டேன், நான் பாவி, நான் இருந்து என்ன பிரயோசனம்” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். துக்கத்தின் உள்ளே மனச்சோர்வு குடிபுகுந்திருந்தது. அவளுக்கு மனுஷரும் தேவைப்பட்டார்கள், மருந்தும் தேவைப்பட்டது. இந்தமுறை நான் உபவாசம் சொல்லவில்லை. அவளோடுகூட டாக்டரிடம் போனேன்.

காரணங்கள்

‘ஏன் வருகிறது?’ என்று கேட்பீர்கள். வள்ளத்தைக் கட்டும் கயிற்றைப் பாருங்கள். பல புரிகளைச் சேர்த்து முறுக்கியிருக்கும். மனச்சோர்வும் அப்படித்தான். உடம்பு ஒரு புரி, மனம் ஒரு புரி, வாழ்க்கைச் சூழ்நிலை ஒரு புரி.

முதலில் உடம்பு. பெற்றோர், உடன்பிறந்தார் யாருக்காவது இந்த வியாதி இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது. தைராய்டு சுரப்பு குறைந்தால் மனம் மந்தப்படும். இரத்தசோகை, பி12 வைட்டமின் குறைவு, சர்க்கரை வியாதி, மாரடைப்பு, பக்கவாதம், நீடித்த வலி இவைகளோடும் மனச்சோர்வு சேர்ந்து வருகிறது. ஆகவே நல்ல டாக்டர் முதலில் இரத்தப் பரிசோதனை செய்வார். மதுபானம் முதலில் துக்கத்தை மறக்கச் செய்வதுபோல் காட்டி, பின்பு சோர்வை இரட்டிப்பாக்கும்.

இந்த வியாதிக்கும் உடம்புக்கும் உள்ள உறவை மருத்துவ உலகம் அறிந்துகொண்டதில் நம் நாட்டு மூலிகைக்கும் பங்குண்டு. சர்ப்பகந்தி இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949ல் எழுதினார். அதிலிருந்து எடுத்த ரெசர்பின் என்ற மருந்து உலகமெங்கும் பரவியது. அதைச் சாப்பிட்ட சிலருக்கு மனம் சோர்வதை 1950களில் டாக்டர்கள் கவனித்தார்கள். அதே காலத்தில், 1952ல், நியூயார்க்கில் ஒரு காசநோய் மருத்துவமனையில் புதிய மருந்தொன்றைக் கொடுத்தபோது, நெடுநாள் சோர்ந்து கிடந்த நோயாளிகள் எழுந்து உற்சாகமாக நடமாடினார்கள். ஒரு மாத்திரையால் மனம் தாழவும் இன்னொரு மாத்திரையால் எழும்பவும் கூடுமானால், மனச்சோர்வை வெறும் மனவுறுதிக் குறைவு என்று எப்படிச் சொல்லுவது? மூளையில் ஒரே ஒரு இரசாயனம் குறைவதுதான் காரணம் என்று பிற்காலத்தில் சொன்னது மிகவும் எளிதாக்கிச் சொன்ன பேச்சு; காரியம் அதைவிடச் சிக்கலானது என்று இன்று டாக்டர்கள் சொல்லுகிறார்கள். ஆனால் உடம்புக்கு இதில் பங்குண்டு என்பதில் சந்தேகமில்லை.

இரண்டாவது புரி மனம். சிறுவயதில் தாய் தகப்பனை இழந்தவர்கள், அடியும் அவமானமும் பட்டு வளர்ந்தவர்கள், தங்களைத் தாங்களே ஓயாமல் குறைசொல்லப் பழகினவர்கள், இவர்களுக்கு மனம் சீக்கிரம் சரிகிறது.

மூன்றாவது சூழ்நிலை. கடன், வேலையிழப்பு, குடிகாரக் கணவன், தனிமை, தீராத நோயாளியை வருடக்கணக்காகக் கவனிப்பது. பெண்களுக்கு ஆண்களைவிட இது அதிகமாக வருகிறது. வீட்டின் பாரத்தையும் அதைப்பற்றிப் பேசக்கூடாது என்ற பாரத்தையும் சேர்த்துச் சுமக்கிறவர்கள் அவர்களே.

இந்த மூன்று புரிகளில் எது முந்தியது என்று தேடிக்கொண்டிருப்பதால் பயனில்லை. எதைத் தளர்த்தினாலும் முறுக்குக் கொஞ்சம் விடும். அதனால்தான் மருந்து, பேச்சு, குடும்பத்தின் துணை மூன்றும் சேர்ந்து வேலைசெய்கின்றன.

விசுவாசக் குறைவா?

போதகனாகிய நான் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போகமுடியாது. முதலாம் இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எலியா தீர்க்கதரிசி கர்மேல் மலையில் பெரிய வெற்றி கண்டவன். மறுநாளே யேசபேலுக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி கேட்கிறான். பிறகு படுத்துத் தூங்கிவிடுகிறான்.

அப்போது தேவதூதன் வந்து என்ன செய்தான்? அவனுடைய விசுவாசத்தைச் சோதிக்கவில்லை. நேற்றுக் கண்ட அற்புதத்தை ஞாபகப்படுத்திக் கடிந்துகொள்ளவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். அடையும் தண்ணீரும் அருகில் இருந்தன. சாப்பிட்டு மறுபடியும் தூங்கவிட்டான். மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தேவன் அவனோடு பேசினது அதற்குப் பிற்பாடு, நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போனபிறகு. பேசினபோதும் முதலில் கேள்வி கேட்டு, அவன் சொன்னதைக் கேட்டார். கடைசியில், தனியே இருந்தவனுக்கு எலிசாவைத் துணையாகக் கொடுத்தார்.

தூக்கம், ஆகாரம், நடை, கேட்கும் காது, ஒரு துணை. இந்த ஒழுங்கை என் அறையில் நான் தலைகீழாக்கினேன். தூதன் சாப்பிடச் சொன்ன இடத்தில் நான் பட்டினி கிடக்கச் சொன்னேன்.

ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எலும்பு முறிந்தவனுக்காக ஜெபிக்கிறோம், கட்டும் போடுகிறோம். ‘நீ விசுவாசித்தால் கட்டு எதற்கு?’ என்று யாரும் கேட்பதில்லை. மனம் முறிந்தவனிடம் மட்டும் ஏன் கேட்கிறோம்? அவனால் ஜெபிக்க முடியாத நாட்களில் அவனுக்காக நாம் ஜெபிப்போம். அதற்குத்தானே சபை இருக்கிறது?

நாம் செய்யக்கூடியது

முதலாவது, கேளுங்கள். புத்தி சொல்லுமுன் கேளுங்கள். ‘தைரியமாக இரு’, ‘உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனையோ பேர்’ என்பவை சோர்ந்தவரின் காதில் ‘நீ பேசாதே’ என்றே விழுகின்றன.

இரண்டாவது, கூடவே போங்கள். சோர்ந்தவருக்கு மருத்துவமனைச் சீட்டு வாங்கும் வரிசையில் நிற்கவும் பலமில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் வந்து தங்கிச் சிகிச்சையில் பங்குபெறும் முறை பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. வீட்டார் புரிந்துகொள்ளும்போது சிகிச்சை வீட்டுக்குத் திரும்பினபின்னும் தொடரும்.

மூன்றாவது, மருந்தைப்பற்றிச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லாருக்கும் மாத்திரை தேவைப்படாது. லேசான சோர்வுக்குப் பயிற்சி பெற்றவர்களோடு பேசுவதும், தினமும் நடப்பதும், நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குவதும் போதுமானதாக இருக்கலாம். கடுமையானால் மாத்திரை வேண்டும். அது தலைவலி மாத்திரைபோல உடனே கேட்காது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பலர் பத்தாம் நாளில் ‘கேட்கவில்லை’ என்று நிறுத்திவிடுகிறார்கள். குணம் தெரிந்தபிறகும் பொதுவாக ஆறு மாதமாவது தொடரவேண்டும். நிறுத்துவதையும் டாக்டர் சொல்லுகிறபடி சிறிதுசிறிதாகச் செய்யவேண்டும். இந்த மாத்திரைகள் தூக்க மாத்திரைகளைப்போல அடிமைப்படுத்துகிறவை அல்ல.

நான்காவது, கேட்கப் பயப்படும் கேள்வியைக் கேளுங்கள். ‘சாகவேண்டும் என்று நினைப்பு வருகிறதா?’ கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே உண்டாக்கிவிடுவோமோ என்று அஞ்சுகிறோம். அப்படி உண்டாவதில்லை. கேட்டவுடன் பலர் அழுது ஆறுகிறார்கள். ‘ஆம்’ என்று சொன்னால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரைகள் கைக்கு எட்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப்போங்கள்.

இது பயன்படாத வேலை என்று நினைக்கவேண்டாம். டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986ல் சென்னையில் ‘சிநேகா’ என்ற அமைப்பைத் தொடங்கினார். வருகிறவர்களின் துயரத்தைத் தொண்டர்கள் காதுகொடுத்துக் கேட்பதே அங்கே பிரதான ஊழியம். காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுவிடத்தில் பூட்டிவைக்கும் ஏற்பாட்டை அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் முயன்று பார்த்தார்கள். சாவின் நினைப்பு பலருக்கு அலைபோல வந்து போகிறது. அந்தச் சமயத்தில் விஷம் கைக்கு எட்டாமலிருந்தால் உயிர் தப்புகிறது. பொதுத்தேர்வில் தவறிய பிள்ளைகள் ஒரு வருடம் காத்திராமல் உடனே துணைத்தேர்வு எழுதலாம் என்று தமிழ்நாட்டில் வந்த ஏற்பாடும் எத்தனையோ பிள்ளைகளுக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது.

சட்டமும் மாறியிருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மனநெருக்கடியில் இருந்தவர் என்றே கருதப்படவேண்டும். அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுப்பது அரசின் கடமை. ‘போலீஸ் கேஸ் ஆகிவிடும்’ என்று பயந்து வீட்டில் மறைக்கவேண்டாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவைக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டு அரசின் 104 எண்ணும் உண்டு. இந்த எண்களை உங்கள் வீட்டு நாட்காட்டியில் எழுதி வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும், பக்கத்து வீட்டாருக்குத் தேவைப்படலாம்.

முடிவாக

எங்கள் மருத்துவமனைக்காக நீங்கள் வருடந்தோறும் காணிக்கை அனுப்புகிறீர்கள். கட்டடமும் கருவியும் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லுகிறேன். வெளிநோயாளர் பிரிவில் ஒரு செவிலியர் சகோதரி உட்கார்ந்து, நெஞ்சுவலி என்றும் அசதி என்றும் வருகிறவர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்கிறார்: ‘இரண்டு வாரமாக மனம் வாடியிருக்கிறதா, அம்மா? முன்பு ஆசையாய்ச் செய்ததில் இப்போது பிடிப்பு இருக்கிறதா?’ அதற்குக் கருவி வேண்டாம். ஒரு நாற்காலி வேண்டும்; பதில் வரும்வரை பொறுத்திருக்க அந்தச் சகோதரிக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தை உங்கள் காணிக்கை வாங்கிக் கொடுக்கிறது.

அந்த ஆசிரியர் மூன்று முறை வந்தபோதும் இந்த இரண்டு கேள்விகளை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் பிழைத்தது அவருடைய மைத்துனர் விடாமல் அழைத்துப்போனதால். இன்று இங்கே இருக்கிற ஒவ்வொருவரும் யாருக்காவது அந்த மைத்துனராக இருக்கலாம். இன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியில், சில நாட்களாகக் கூட்டத்துக்கு வராதிருக்கிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். சாப்பிட ஏதாவது எடுத்துக்கொண்டு போங்கள்.

உங்களில் யாராவது இதைக் கேட்கும்போது ‘இது என்னைப்பற்றியது’ என்று உள்ளுக்குள் அறிந்திருந்தால், உங்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு ஒன்றுமில்லை என்று நான் சொல்லமாட்டேன். உங்களுக்கு இருப்பது ஒரு வியாதி. அதற்கு வைத்தியம் உண்டு. கூட்டம் முடிந்தபிறகு நான் இங்கேயே உட்கார்ந்திருப்பேன். நாற்காலி ஒன்று காலியாக இருக்கும்.

தேவன் உங்கள் எல்லாரையும் ஆசீர்வதிப்பாராக.